ஆறு நாளாகக் கழலாத பின்சக்கரம்

வியாழக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குள் ‘டக்’கென்று வெடி மாதிரி ஒரு சத்தம். சக்கரத்தை இழுத்துக் கழற்ற மாட்டியிருந்த புல்லரில் வெல்டிங் விட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் வெல்டிங் அப்படியே இருந்தது. புல்வெட்டும் வண்டிச் சக்கரத்தின் ஹப் (நடுக்குழாய்) ஆக்ஸில் (அச்சுத்தண்டு) மேல் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. துரு விட்ட இடத்தில் மோதிரம் போல ஒரு வெள்ளைக்கோடு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு “பத்து நிமிஷ வேலை” என்று சொல்லித் தொடங்கியது இது.

வண்டி என்னுடையது இல்லை. கன்னியக்கோயில் பக்கம் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் இப்படித்தான் சொல்வோம். வீட்டுக்காரர் பிரான்சிலிருந்து வரும்போது வீட்டுச் சாமான்களோடு கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு வந்த, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி. வாங்கியது பிரான்சில் என்றாலும் அமெரிக்கத் தயாரிப்பு. இது ஏன் முக்கியம் என்று பின்னால் வரும். அந்த வீட்டு மோட்டார், ஜெனரேட்டர், இந்த வண்டி மூன்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. மற்ற நாட்களில் அரியாங்குப்பத்தில் பம்புசெட் வேலை செய்கிறேன்.

கோளாறின் மூலம் 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த அன்று புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கமெல்லாம் ஏறியது. வண்டி நின்ற ஷெட்டின் தரை இடதுபக்கம் கொஞ்சம் சரிவு. அதனால் இடது பின்சக்கரத்தின் ஆக்ஸில் மூன்று நாள் தண்ணீருக்குள் இருந்தது, வலது பக்கம் தப்பித்தது. தண்ணீர் வடிந்ததும் என்ஜினைப் பார்த்தேன், பேட்டரி மாற்றினேன், ஆயில் மாற்றினேன். சக்கரத்தைக் கழற்றி கிரீஸ் வைக்கத் தோன்றவில்லை. போதாததற்கு உப்புக் காற்று வேறு.

இப்போது அந்தச் சக்கரத்தில் காற்று நிற்கவில்லை. வேலிக்கருவேல முள் ஒன்று ஏறியிருந்தது, அதை அங்கேயே அடைத்துவிட்டேன். ஆனால் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு முழுக்கக் குமிழி. ரிம் விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்தால்தான் நிற்கும். அதற்குச் சக்கரம் பஞ்சர் கடைக்குப் போக வேண்டும்.

இந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காக: பின்சக்கரத்தில் கார் போல நட்டு எதுவும் கிடையாது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைப் பெயர்த்தால் ஆக்ஸில் முனையில் ஆங்கில E வடிவத்தில் ஒரு ஈ-கிளிப், ஒரு வாஷர். கிளிப்பை எடுத்தால் சக்கரம் அப்படியே உருவிக்கொண்டு வர வேண்டும். ஆக்ஸில் முக்கால் இன்ச். ஆக்ஸிலிலும் ஹப்பிலும் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தில், அதாவது காடியில், ஒரு சதுர இரும்புத் துண்டு. அதுதான் கீ. சுற்றும் விசையை அதுதான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. எல்லாம் சுத்தமாக இருந்தால் இரண்டு கையாலே எடுத்துவிடலாம். துரு பிடித்தால் ஹப்பும் ஆக்ஸிலும் ஒரே இரும்பு மாதிரிதான்.

சனிக்கிழமை. முன்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பின்னால் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். ஜாக்கியை நம்பாமல் ஆக்ஸிலுக்குக் கீழே தென்னங்கட்டை ஒன்றையும் கொடுத்தேன். ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை நெம்பியதும் அது பறந்து புல்லுக்குள் போய்விட்டது. உதவிக்கு வந்த பையன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி முக்கால் மணி நேரம் இழுத்துக் கண்டுபிடித்தான். இப்போதெல்லாம் கிளிப்பை எடுக்கும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்கிறேன்.

பிறகு இழுத்தேன். உட்கார்ந்து காலால் உதைத்தேன். ரப்பர் சுத்தியலால் டயரின் உள்பக்கத்தைச் சுற்றித் தட்டினேன். துரு நீக்கும் ஸ்ப்ரே ஒரு டப்பா முழுக்க அடித்தேன். ராத்திரி கீ-காடியில் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்தேன். ஆக்ஸில் படுக்கையாக இருப்பதால் ஊற்றியதில் பாதி தரைக்குத்தான் போனது. வண்டியை வலதுபக்கமாகச் சாய்த்து, இந்தச் சக்கரம் மேலே வரும்படி வைத்து ஊற்றியிருக்க வேண்டும் என்பது எனக்கு மூன்றாவது நாள்தான் உறைத்தது.

ஞாயிறு. “கிளிப் இல்லாமல் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டினால் சக்கரம் தானாக விட்டுவிடும்” என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். லேசான துருவுக்கு அது வேலை செய்யும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காற்றடித்தால் இருபது நிமிடம் நிற்கும், அது போதும். புல்வெளியில் எட்டுப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு எட்டு. சக்கரம் அசையவில்லை, புல்தான் மிதிபட்டது. “லைசென்ஸ் வாங்கப் போறியாப்பா?” என்று வீட்டம்மா மாடியிலிருந்து கேட்டார்.

அன்று மதியம் செய்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு கிலோ சம்மட்டியை எடுத்து ஆக்ஸில் முனையிலேயே அடித்தேன். நாலு அடி. ஐந்தாவது அடிக்கு ஓங்கும்போது முனை காளான் போல விரிந்திருப்பதைப் பார்த்தேன். கையை நிறுத்திவிட்டேன். இந்த வண்டிகளில் கியர்பாக்ஸும், இரண்டு பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் இருக்கும். ஆக்ஸில் உள்ளே ஒரு சின்ன வளையக் கிளிப்பில்தான் நிற்கிறது. வெளியே அடிக்கும் ஒவ்வொரு அடியையும் உள்ளே அதுதான் வாங்குகிறது. அது உடைந்திருந்தால் அந்தக் கியர்பாக்ஸுக்கு இங்கே உதிரி தேடி அலைவதைவிட வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். என் அதிர்ஷ்டம், உடையவில்லை. விரிந்த முனை மட்டும் பிறகு வேலை வைத்தது. அதை அரத்தால் ராவிப் பழைய அளவுக்குக் கொண்டுவராமல் ஹப் வெளியே வராது. அந்த ராவலுக்கே ஒன்றேகால் மணி நேரம்.

திங்கள். சூடு. கையில் பிடிக்கும் சின்ன கேஸ் டார்ச். வால்வு பின்னைக் கழற்றி டயரில் மிச்சமிருந்த காற்றையும் இறக்கிவிட்டேன். காற்றோடு இருக்கும் டயர் பக்கத்தில் நெருப்பைக் காட்டவே கூடாது. அதைச் சரியாகச் செய்தேன், இன்னொன்றை மறந்தேன். இரண்டு நாளாக டீசல் ஊற்றி ஊறவைத்த இடம் அது. ஹப் சூடேறியதும் முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் நீலமாக ஒரு தீநாக்கு காடியிலிருந்து எழும்பியது. பையன் ஒரு வாளி மணலைக் கொட்டினான். சேதம் எதுவும் இல்லை, என் புருவம் கொஞ்சம் கருகியதைத் தவிர. மணல் ஹப்புக்குள் போய்விட்டது, அதைச் சுத்தம் செய்ய இன்னொரு அரை மணி.

எல்லாவற்றையும் துடைத்து, உள்பக்கத்து ஆயில் சீல் மேல் ஈரச் சாக்கைச் சுற்றி இரண்டாம் முறை காட்டினேன். ஐந்து நிமிடத்தில் ரப்பர் கருகும் வாடை. சீலா டயரா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் போதும் என்று நிறுத்தினேன். பெரிய கேஸ் கட்டர் வைத்து ஹப்பை மட்டும் சட்டென்று சிவக்க வைத்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ. சின்ன டார்ச் மெதுவாகச் சுடுவதால் ஆக்ஸிலும் கூடவே சூடாகிவிடுகிறது, இரண்டும் சேர்ந்தே விரிகின்றன, பயன் இல்லை.

செவ்வாய். நூறு ரூபாய் வாடகைக்கு இரண்டு கால் புல்லர் ஒன்று எடுத்து வந்தேன். அதன் கால்களுக்குப் பிடிக்க இடமே இல்லை. ஹப்பின் உள்முனை ரிம்முக்குள்ளே ஒளிந்திருக்கிறது. ரிம் தட்டின் விளிம்பில் மாட்டி முறுக்கினால் தட்டுதான் வளைந்தது. இரண்டாவது முறை கால் வழுக்கிக்கொண்டு வந்து என் முழங்காலில் பட்டது. அத்தோடு அன்றைய வேலையை மூட்டை கட்டினேன்.

அன்று மாலை கடலூர் முதுநகரில் படகு என்ஜின் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவரைப் பார்க்கப் போனேன். உப்புத் தண்ணீர்த் துருவோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார். சம்மட்டி என்றதும் முகம் சுளித்தார்.

“தம்பி, இது அடிக்கிற வேலை இல்லை. இழுத்துப் பிடிச்சு வெச்சுட்டுப் போய்த் தூங்குற வேலை” என்றார்.

படகைத் தள்ளும் காற்றாடியை (புரொப்பெல்லர்) அதன் தண்டிலிருந்து எடுக்கும்போது அவர்கள் செய்வது இதுதானாம். புல்லரை மாட்டி, தாங்கும்வரை முறுக்கி, ஹப்பைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டிவிட்டு அப்படியே விடுவது. திரும்பி வந்து கால் சுற்று, மறுபடி தட்டு, மறுபடி விடு. எண்ணெய் உள்ளே போவதற்கும் துரு விரிசல் விடுவதற்கும் நேரம் வேண்டும் என்றார். “ஆனா புல்லர் ஹப்போட முதுகைப் பிடிக்கணும். ரிம்மைப் பிடிச்சா ஒண்ணும் நடக்காது.” தரையில் கிடந்த சிகரெட் அட்டையில் ஒரு படமும் போட்டுக் கொடுத்தார்.

புதன் முழுக்க அந்தப் படத்தை இரும்பாக்குவதில் போனது. முதலில் அளவு. ஹப்பின் உள்முனைக்கும் கியர்பாக்ஸ் கூட்டுக்கும் நடுவே இடைவெளி 14 மி.மீ. அதற்குள் நுழையும் தகடு 10 மி.மீ. கனம் என்று முடிவு செய்தேன். 150-க்கு 75 மி.மீ. தகடு, நீளப்பக்கத்தின் நடுவிலிருந்து உள்ளே 20 மி.மீ. அகல வெட்டு. அந்த வெட்டுவாயால் ஆக்ஸிலைக் கவ்வியபடி தகடு ஹப்பின் முதுகில் உட்காரும். வெட்டுக்கு இருபுறமும் 80 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை. முன்பக்கத்துக்கு அதே அளவில் இன்னொரு தகடு, வெட்டு இல்லாமல், நடுவில் 16 மி.மீ. நட்டு வெல்டிங். இரண்டு தகட்டையும் இரண்டு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) இணைக்கும். அந்த நட்டில் ஏறும் நடு போல்ட் ஆக்ஸில் முனையைத் தள்ளும்போது பின்தகடு ஹப்பை வெளியே இழுக்கும். விசை முழுக்க ஹப்புக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும், கியர்பாக்ஸுக்குப் போகாது. சம்மட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

சிக்கல் ஒன்று. அந்த ஸ்டட்டுகள் ரிம் தட்டைத் தாண்டி வர வேண்டும், தட்டில் துளை இல்லை. துளை போட்டால் காற்று போய்விடாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான பயம். ரிம்மில் காற்று நிற்பது டயருக்கும் ரிம்மின் வெளி உருளைக்கும் நடுவில்தான். ஹப்பைத் தாங்கும் நடுத்தட்டு அந்த உருளைக்கு உள்ளே தனியாக வெல்டிங் ஆகியிருக்கிறது. பின்பக்கம் விரலை விட்டுத் தடவிக் காட்டினேன். அவரும் தடவிப் பார்த்துவிட்டு, “சரி, போடு” என்றார். 13 மி.மீ. துரப்பணத்தால் இரண்டு துளை. எல்லா ரிம்மும் இப்படி இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

தகடு, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இரண்டும் சேர்த்து ஒன்றேமுக்கால் கிலோ, 110 ரூபாய். ஹார்டுவேர் கடையில் விற்கும் சாதாரண திரெட் ராடைத்தான் முதலில் கேட்டேன். பழைய இரும்புக்காரர் என் படத்தைப் பார்த்துவிட்டு, “அது மரை சீவிக்கும், இதை எடுத்துட்டுப் போ” என்று ரசாயனக் குழாய் பிளாஞ்சுகளுக்குப் போடும் 12 மி.மீ. ஸ்டட் இரண்டைக் கொடுத்தார். சிப்காட் இருக்கும் ஊரில் இதெல்லாம் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. நட்டுகளோடு 120 ரூபாய். 16 மி.மீ. ஹைடென்சில் போல்ட்டும் நட்டும் 70. லேத்துப் பட்டறையில் வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் சேர்த்து 350 கேட்டார்கள், பேரம் பேசவில்லை.

ஆக்ஸில் முனையின் நடுவில், லேத்தில் பிடித்த மையக்குழி ஒன்று இருக்கிறது. என் சம்மட்டி அடி அதைக் கெடுத்திருந்தது. பழைய பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு குண்டை கிரீஸ் தடவி அந்தக் குழியில் வைத்தேன். போல்ட்டின் நுனி அந்தக் குண்டைத் தள்ளும், நடுவிலிருந்து விலகாது.

புதன் ராத்திரி எட்டு மணிக்கு மாட்டினேன். 24 ஸ்பேனரால் கை பலம் இருக்கும்வரை முறுக்கி, ஹப்பைச் சுற்றி அரைக் கிலோ சுத்தியலால் இருபது தட்டு. காடியில் எண்ணெய் விட்டேன், இந்தத் தடவை வண்டியைச் சாய்த்து வைத்து. வீட்டுக்குப் போய்விட்டேன்.

வியாழன் காலை வந்து பார்த்தால் ராத்திரி இறுக்கிய போல்ட் லேசாகத் தளர்ந்திருந்தது. ஹப் நகர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நகரவில்லை, பின்தகடுதான் வெட்டுவாயில் ஒரு மில்லிமீட்டர் விரிந்து வளைந்திருந்தது. அதற்கு மேல் வளையாமல் நின்றதால் தொடர்ந்தேன். காலையிலிருந்து மணிக்கு ஒரு முறை கால் சுற்று, இருபது தட்டு. நடுவில் ஜெனரேட்டர் ஃபில்டர் மாற்றினேன், மோட்டாருக்குக் கிளாண்டு போட்டேன். பையன் ஒவ்வொரு முறையும் “அண்ணா, இன்னொரு சுத்து சுத்திடலாமா?” என்பான். ஸ்பேனருக்குப் பைப் போட்டு நீட்டலாம் என்று எனக்கும் இரண்டு தடவை கை அரித்தது. போடவில்லை. ஆறாவதோ ஏழாவதோ கால் சுற்றில், நான் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சத்தம்.

அதற்குப் பிறகும் சும்மா வரவில்லை. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கிறீச்சிட்டுக்கொண்டு, முழு நீளமும் முறுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. போல்ட் நீளம் தீர்ந்தபோது நடுவில் நிறுத்தி, ஸ்டட் நட்டுகளை உள்ளே தள்ளி மறுபடி பிடித்தேன். ஏழரை மணிக்குச் சக்கரம் தரையில் கிடந்தது.

பழைய கீ காடியிலேயே இரண்டாக உடைந்து நின்றது. மெல்லிய உளியால் ஓரத்தில் தட்டி எடுத்தேன். புதுக் கீ வாங்கப் போனபோதுதான் அமெரிக்கத் தயாரிப்பு என்பது கடித்தது. கடையில் இருப்பது 5 மி.மீ. சதுரக் கம்பி. இந்தக் காடி 3/16 இன்ச், அதாவது 4.76 மி.மீ. அடித்து ஏற்றினால் ஏறும், ஆனால் அடுத்த முறை எடுக்க இதே கதை. மென்மையான அரத்தால் இரண்டு பக்கத்தையும் ராவி, வெர்னியரில் 4.75 வரும்வரை குறைத்தேன். கம்பி 40 ரூபாய்தான், ராவியது ஒன்றரை மணி நேரம்.

ஆக்ஸிலை 120 எமரித் தாளால் தேய்த்தேன், பிறகு இன்னும் மென்மையான 220. ஹப்பின் உள்ளே, ஒரு குச்சியின் நுனியைப் பிளந்து எமரியைச் செருகி டிரில்லில் ஓட்டினேன். கையால் தள்ளினால் சக்கரம் தடையில்லாமல் வழுக்கிப் போய் உட்காரும்வரை விடவில்லை. காப்பர் கிரீஸ் தேடினேன், அன்றைக்குக் கிடைக்கவில்லை. முதுநகரில் படகுக்குப் போடும், தண்ணீர் தாங்கும் கிரீஸ் ஒரு டப்பா, 180 ரூபாய். ஆக்ஸில் முழுக்க, காடிக்குள், மூடிக்குள்ளும் அப்பினேன். ரிம் விளிம்பு சுத்தம் செய்து டயரை மறுபடி ஏற்ற பஞ்சர் கடையில் 250.

புல்லர் கையில் இருந்ததால் வலது சக்கரத்தையும் பார்த்துவிடலாம் என்று கிளிப்பை எடுத்தேன், துணி போட்டு. கையால் இழுத்ததும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் தண்ணீரில் நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புல்லர், கீ, கிரீஸ் எல்லாம் சேர்த்து 870 ரூபாய். வீணாகப் போனது ஸ்ப்ரே 320, டார்ச் கேஸ் 150, வாடகைப் புல்லர் 100. பஞ்சர் கடையையும் சேர்த்தால் 1,690. ஆறு நாள் கூலியை நான் கேட்கவில்லை, பாதி நாட்கள் என் முட்டாள்தனத்துக்குப் போனவை. வீட்டுக்காரர் மூன்று நாளுக்குக் கொடுத்தார்.

இன்னொரு முறை செய்தால் பின்தகட்டை 12 மி.மீ.யில் வெட்டுவேன், 14 இடைவெளிக்கு அது போகும். வெட்டுவாயின் திறந்த பக்கத்தில் ஒரு குறுக்குப் பட்டை போல்ட் போட்டால் விரியவும் செய்யாது. முதல் நாளே வண்டியைச் சாய்த்து எண்ணெய் ஊற்றுவேன். ரிம்மில் போட்ட இரண்டு துளையை அடைக்கவில்லை, ஓரத்துக்குப் பெயின்ட் மட்டும் அடித்தேன். வேண்டும்போது ஸ்டட்டை உள்ளே விட்டால் போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை இரண்டு சக்கரத்தையும் உருவி கிரீஸ் வைக்கச் சொல்லி ஷெட் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் புல்லரைக் காட்டலாம் என்று முதுநகர் மேஸ்திரியிடம் எடுத்துக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஸ்டட் நல்ல ஸ்டட்டு” என்றார். ஒரு படகு வேலை இருக்கிறது, இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரமாகிறது, இன்னும் வரவில்லை.